தாத்தாவின் பேனாவைப் பழுதுபார்க்கத் தபாலில் அனுப்பலாமா?

கேள்வி சுருக்கமாக இது. கோவில்பட்டியில் இருக்கும் ஒருவரிடம் தாத்தா விட்டுப்போன இரண்டு மைப்பேனாக்கள் இருக்கின்றன. ஒன்று பார்க்கர் 51. மற்றது ஃபில்லரால் மை ஊற்றுகிற, தடித்த கறுப்பு எபோனைட் (கெட்டிப்படுத்திய ரப்பர்) பேனா. பார்க்கர் மை இழுப்பதில்லை. எபோனைட் கழுத்தில் கசிகிறது. சென்னையில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பேசியாகிவிட்டது, அவரும் "அனுப்பி வையுங்க" என்று சொல்லிவிட்டார். "தபாலில் போட்டால் உடைந்துவிடாதா? எப்படிக் கட்டி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக அனுப்பலாம். நான் கடைக்காரன் இல்லை. திருச்சியில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து பொழுதுபோக்காகப் பழைய பேனாக்களைப் பிரித்துச் சரிசெய்கிறவன். 15 வருடமாகத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தபாலில் பேனா வந்துகொண்டுதான் இருக்கிறது. உடைந்து வந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவற்றிலும் பெட்டி நசுங்கியதால் போனது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பெட்டியின் மூலைகூட மடங்கவில்லை, உள்ளே பேனா மட்டும் விரிசல் விட்டிருந்தது. வெளியிலிருந்து விழுந்த அடி அல்ல, உள்ளே பேனா ஆடிய ஆட்டம்தான் காரணம்.

நீங்கள் கொடுக்கிற பெட்டி சாக்குப் பைக்குள் போகும், வண்டியில் ஏறும், ஆர்.எம்.எஸ். என்கிற தபால் பிரிக்கும் நிலையத்தில் இறங்கிப் பிரிக்கப்படும், மறுபடி பைக்குள் போகும், ராத்திரி முழுக்கக் குலுங்கும். கோவில்பட்டியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிக்குள் ஒரு விரற்கடை காலி இடம் இருந்தால் போதும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேனா சின்னச் சுத்தியல் மாதிரி முன்னும் பின்னும் போய் இடித்துக்கொண்டே வரும். எபோனைட்டில் முதலில் விரிசல் விடுவது மூடியின் மெல்லிய விளிம்பும் மரை ஆரம்பிக்கிற இடமும். அந்த விரிசலைப் பார்த்துவிட்டுத் தபால்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பார்.

பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் வீட்டிலேயே தீரக்கூடிய வகை. தீர்ந்தால் தபால் செலவே மிச்சம்.

பார்க்கர் 51-ன் உடலை நடுவில் திருகிப் பாருங்கள். கழன்று, உள்ளே ஓர் உலோகக் கூடும் அதில் அழுத்துகிற பட்டையும் தெரிந்தால் அது 1948-க்குப் பிறகு வந்த ஏரோமெட்ரிக் வகை. அதன் மைப்பை சாதாரண ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். அறுபது எழுபது வருடம் ஆகியும் நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட பேனா மை இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழைய மை உள்ளே காய்ந்து அடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, முனை மட்டும் மூழ்கும்படி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாகியிருக்கும். பட்டையை அழுத்தி அழுத்தி விடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் பாதிப் பேனாக்கள் உயிர் பெற்றுவிடும். திருகும்போது நடுவில் கழலாமல் வால் பக்கம் சின்ன மூடி மட்டும் கழன்று, அடியில் ஓர் அமுக்கி தெரிந்தால் அது அதற்கு முந்தைய வாக்குமேட்டிக் வகை. அந்த அமுக்கியைப் பலமாக அழுத்திப் பார்க்க வேண்டாம். போர்க்கால ஆண்டுகளில் அதைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள், சட்டென்று முறிந்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு எப்படியும் போயிருக்கும், அதை மாற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும். அதை அனுப்பத்தான் வேண்டும்.

எபோனைட் பேனா கழுத்தில் கசிவதற்கு வழக்கமான காரணம் மரை தேய்ந்திருப்பது. பள்ளிக்கூடக் காலத்தில் நாமெல்லாம் மரையில் நூல் சுற்றி முறுக்கியிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அதைச் செய்யாதீர்கள். நூல் தடிமனாகிவிட்டால் வெளி விளிம்பு பிளந்துகொள்ளும். சிலிகோன் கிரீஸ் ஒரு கடுகளவு எடுத்து மரையில் தடவி மூடுங்கள். நின்றுவிட்டால் சந்தோஷம். வாஸ்லைன் வேண்டாம். எபோனைட்டை அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்றாலும், அந்தப் பழக்கம் ஒருநாள் ரப்பர் பை உள்ள பேனாவுக்கும் போகும், ரப்பர் கொழகொழத்துவிடும்.

சரி, இரண்டும் பலிக்கவில்லை, அனுப்பத்தான் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை மையை முழுசாக வெளியேற்றுவது. ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். ஃபில்லரால் ஊற்றும் பேனாவில் உடல் முழுவதுமே மைப்புட்டி. சுமாராக 3 மில்லி பிடிக்கிற பேனாவில் பாதி மை, பாதி காற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வண்டி நின்றால் அந்தக் காற்று விரிந்து, நிப்புக்கு அடியில் மை இறங்கி வருகிற பாகமான நாக்கு வழியாக மையை வெளியே தள்ளும். விமானத்தில் போனால் கேட்கவே வேண்டாம். உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அப்படியானால் பேனாவுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிய வேண்டும். அரை மில்லி மை, அதாவது 10 சொட்டு, மூடிக்குள் இறங்கிவிடும். எனக்கு ஒருவர் இப்படி அனுப்பினார். பெட்டியைப் பிரித்தால் பேனா, துணி, அவர் எழுதிய கடிதம் எல்லாமே ராயல் நீலம். கடிதத்தில் "அன்புள்ள" மட்டும் படிக்க முடிந்தது. என்ன கோளாறு என்று கேட்டு மறுபடி போன் போட வேண்டியிருந்தது. கசிகிறது என்பதுதான் கோளாறாம்!

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரே போதும். பிடிவாதமான மையாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். வெந்நீர் கூடாது. எபோனைட்டின் கறுப்பு, வெந்நீர் பட்டால் சாணிப்பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறத்துக்குப் போய்விடும், அந்தக் கறுப்பு திரும்ப வராது. பச்சைத் தண்ணீரில்கூட எபோனைட்டை ஊறப்போடாமல் அலசி எடுப்பதே நல்லது. ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பழைய செல்லுலாய்டு பேனாவைக் கரைத்தே விடும்.

பார்க்கர் 51-ல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முனையை மூடியிருக்கும் கூட்டுக்குள் மை தேக்குகிற பகுதி ஒன்று உண்டு, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அடுக்கு அடுக்காக இருக்கும். வெளியே வருகிற தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் அந்தப் பற்களின் இடுக்கில் மை நிற்கும். அதனால் கழுவி முடித்ததும் முனையில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, ஒரு டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். மறுநாள் பார்த்தால் டிஷ்யூவில் நீல வட்டம் ஒன்று பரவியிருக்கும். மறுபடி அலசி, மறுபடி டிஷ்யூ. வட்டம் வராத நாள்தான் பேனா கட்டத் தயாராகும் நாள். அவசரத்தில் ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டால், மழைக்காலத்தில் ஒரு வாரம் பயணம் போனதும் உள்ளே இரும்புப் பாகம் எதுவும் இருந்தால் துரு ஏறும். முனைக் கூட்டைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். அது அரக்கு வைத்து ஒட்டியது, பக்குவமாகச் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும். பலவந்தம் செய்தால் ஒரு கோளாறு இரண்டாகும். மூடி இறுகிக்கொண்டு திறக்கவில்லை என்றாலும் அப்படியேதான். பிளையர் எடுக்காமல் அப்படியே அனுப்புங்கள், கடிதத்தில் மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மூடியைப் போட்டு அனுப்புவதா, தனியாகவா? போட்டே அனுப்புங்கள், கையால் இறுகும் அளவுக்கு மட்டும். எபோனைட் பேனாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் நிப்பும் நாக்கும் கழுத்துக்குள் சும்மா செருகித்தான் இருக்கும், நாளடைவில் தளர்ந்து முன்னால் வந்திருக்கலாம். மூடும்போது உள்ளே எதிலோ முட்டுகிற மாதிரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த முட்டலோடு மூடினால் நிப் முனை கொக்கி மாதிரி வளைந்துவிடும். அப்படிப்பட்ட பேனாவில் நிப்பையும் நாக்கையும் மெதுவாக இழுத்து எடுத்து, சின்ன மாத்திரை டப்பாவில் டிஷ்யூ வைத்துத் தனியாகப் போடுங்கள். உடைந்த துண்டு எது இருந்தாலும் அதையும் போடுங்கள், உமி அளவு இருந்தாலும் சரி. துண்டு இருந்தால் ஒட்ட முடியும், இல்லையென்றால் புதிதாகக் கடைய வேண்டும்.

அடுத்தது சுற்றுவது. பேனாவைத் தொடுகிற முதல் அடுக்கு மெத்தென்று, சாயம் போகாததாக இருக்க வேண்டும். கிழிந்த பழைய வேட்டித் துணி இருக்கிறதே, அதற்கு இணையான பொருள் கிடையாது. பலமுறை துவைத்துப் பஞ்சாகிப்போனதாகப் பார்த்து எடுங்கள். டிஷ்யூ பேப்பரும் பரவாயில்லை. ஆனால் நிப்பைச் சுற்றிப் பஞ்சு வைக்கிறார்கள், அதுதான் தப்பு. பஞ்சின் ஓர் இழை நிப்பின் பிளவுக்குள் நுழைந்துவிட்டால் எழுதுகிற ஒவ்வொரு கோடும் பூசிக்கொண்டு வரும், அந்த இழை கண்ணுக்கே தெரியாது. லென்ஸ் வைத்து, மெல்லிய பித்தளைத் தகட்டால் உருவி எடுக்க எனக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஆனது. ரப்பர் பேண்ட் போடாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டும், வெள்ளி வளையம் இருந்தால் கறுத்துவிடும். செல்லோ டேப் பேனாவின் மேல் நேராகப் படவே கூடாது. பிரிக்கும்போது தங்க முலாமும் பொறித்த எழுத்தின் பூச்சும் டேப்போடு வந்த கதைகள் உண்டு. பபிள் ஷீட் நல்லதுதான், துணிக்கு மேலே இரண்டாவது அடுக்காக.

இப்போது முக்கியமான பொருள்: ஒரு அங்குல பிவிசி குழாய். ஹார்டுவேர் கடையில் வெட்டிய துண்டு கேட்டால் சில சமயம் காசே வாங்க மாட்டார்கள். பேனா மூடியோடு சுமார் 14 சென்டிமீட்டர் நீளம், எபோனைட் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். அதனால் 19 அல்லது 20 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்துவிடுங்கள். துணியும் பபிள் ஷீட்டும் சுற்றிய பேனா அந்தக் குழாய்க்குள் தக்கை மாதிரி போக வேண்டும். விரலால் தள்ளினால் போகணும், கவிழ்த்தால் விழக் கூடாது. இரண்டு முனையிலும் துணி உருண்டை அடைத்து, மேலே டேப். ஒருவர் எனக்கு அனுப்பிய குழாயில் இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டுத் தண்ணிக் குழாய்க்குப் போடுகிற சால்வென்ட் பசையால் ஒட்டியிருந்தார். பாதுகாப்பு என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு! ஹேக்ஸா வைத்து அறுத்தேன், உள்ளே பேனா எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

குழாய் எதற்கு, தடித்த கவர் போதாதா என்று கேட்கலாம். போதாது. பபிள் வைத்த கவர், காகிதம் அனுப்பத்தான். மூட்டையில் உங்கள் கவருக்கு மேல் யாரோ அனுப்புகிற 5 கிலோ பார்சல் உட்காரும். பார்க்கர் 51-ன் உலோக மூடி மெல்லிய தகடு, நசுங்கினால் நசுங்கினதுதான், ஒடுக்கு எடுப்பதற்குள் பழுதுபார்ப்பவருக்கு வேர்த்துவிடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒருமுறை நான் கூரியரில் கவரில் வைத்து அனுப்பியபோது, மேசையில் இருந்த பையன் முகவரிச் சீட்டை ஸ்டேப்ளரால் 'டக்'கென்று அடித்தான். பின் கவரைத் துளைத்து, பபிளைத் துளைத்து, பேனாவின் உடலில் ஒரு கோடு போட்டிருந்தது. கவரில் அனுப்புவதை அன்றைக்கு விட்டேன். பேனா வாங்கும்போது கொடுத்த பரிசுப் பெட்டியும் உதவாது. அது மேசையில் திறந்து காட்டுவதற்குச் செய்தது, உள்ளே பேனா கடகடவென்று ஆடும். பையனுடைய ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி என்ன சொல்வது.

இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று சேர்த்து டேப்பால் கட்டிவிடுங்கள், தனித்தனியாக விட்டால் அவையே இடித்துக்கொள்ளும். பிறகு அட்டைப் பெட்டி. குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலு விரற்கடைக்குக் கசக்கிய செய்தித்தாள் இருக்கிற மாதிரிப் பெட்டி எடுங்கள். நீளவாக்கில் இரண்டு முனையிலும் கொஞ்சம் கூடுதலாக அடையுங்கள், ஏனென்றால் பெட்டி விழும்போது பெரும்பாலும் முனை குத்தித்தான் விழும். மூடும்போது பெட்டியின் மேல்மடிப்பு லேசாக எதிர்த்துத் தள்ள வேண்டும், அப்போதுதான் உள்ளே இடமில்லை என்று அர்த்தம். மழை மாதமென்றால் குழாய்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்ட பிறகு பெட்டியில் வையுங்கள். மைப்புட்டியை அதே பெட்டியில் வைக்கவே கூடாது. கோவில்பட்டிக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பழுதுபார்ப்பவருக்கு அன்பாகக் கடலை மிட்டாய் அனுப்பத் தோன்றும். தனியாக அனுப்புங்கள். வெல்லப் பாகு இளகினால் அப்புறம் எறும்புகளும் சேர்ந்துதான் சென்னைக்குப் போகும்.

கட்டியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. பேனாவை வைப்பதற்கு முன்னால், பேனா நீளத்துக்கு இரண்டு சாக்பீஸை வரிசையாக வைத்து அதே துணியில் சுற்றி, அதே குழாயில், அதே பெட்டியில் கட்டுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் நாலைந்து முறை போடுங்கள், ஒரு தடவை மூலை குத்தும்படி, ஒரு தடவை தட்டையாக. பிரித்துப் பாருங்கள். சாக்பீஸ் உடையாமல் இருந்தால் பேனாவுக்கு ஒன்றும் ஆகாது. உடைந்திருந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று பாருங்கள். முனையில் பொடிந்திருந்தால் முனை அடைப்பு போதாது. நடுவில் முறிந்திருந்தால் சுற்றிய துணி மெலிசு. முதல் தடவை எனக்கு நாலு சாக்பீஸ் போனது.

டேப்பை அளவோடு ஒட்டுங்கள். தேங்காய் அளவு டேப் உருண்டைகள் எனக்கு வந்திருக்கின்றன. அவற்றைக் கத்தியால் அறுக்கும்போதுதான் பேனாவுக்கு உண்மையான ஆபத்து. டேப்பின் கடைசி நுனியை உள்பக்கமாக ஒரு மடி மடித்து விட்டால் பிரிப்பவர் நகத்தால் இழுத்துவிடலாம்.

பெட்டியை ஒட்டுவதற்கு முன் படம் எடுங்கள். நிப் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, உடலில் பொறித்த எழுத்து, மூடியின் வளையம், ஏற்கெனவே இருக்கும் கீறல். பார்க்கர் 51-ல் உடலின் விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் பொறித்திருக்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இது யாரையும் சந்தேகப்படுவதற்காக அல்ல. பழுதுபார்ப்பவர் மேசையில் ஒரே மாதிரி நாலு கறுப்புப் பேனா கிடக்கும், மூடி மாறிப்போவது சர்வ சாதாரணம்.

அப்புறம் கடிதம். பேனாவைக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் கடிதத்துக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. "பேனா சரியில்லை, பார்த்துச் செய்யவும்" என்று சீட்டு வரும். எது சரியில்லை? மை வரவே இல்லையா, வந்து நின்றுவிடுகிறதா, மேல்நோக்கிய கோட்டில் மட்டும் விடுகிறதா? எந்த மை போட்டீர்கள்? இடது கையால் எழுதுகிறவரா? முடிந்தால் அந்தப் பேனாவால் எழுதிய பழைய தாள் ஒன்றின் நகலையும் வையுங்கள். தாத்தாவின் கையெழுத்தில் கோடு எவ்வளவு தடிமன் என்று பார்த்தாலே நிப்பை எந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று புரிந்துவிடும். எவ்வளவு செலவுக்கு மேல் போனால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தை வேறு பேனாவால் எழுதுங்கள், தண்ணீர் பட்டாலும் கரையாத பால்பாயிண்டில்!

எதைச் செய்ய வேண்டாம் என்பதையும் எழுத வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். அப்பாவின் பேனா ஒன்றை, எனக்குப் பழுதுபார்க்கத் தெரியாத காலத்தில், வெளி மாநிலத்துக்கு அனுப்பினேன். அருமையாகச் சரிசெய்து, பளபளவென்று கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பேனாவின் வால் பக்கம் அப்பாவின் பல் தடம் இருந்தது. கணக்குப் போடும்போது கடிப்பார். நாலு சின்னப் பள்ளங்கள், கட்டைவிரலால் தடவினால் தெரியும். அதைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, கோடும் பள்ளமும் போனால் சந்தோஷப்படுகிற வாடிக்கையாளர்கள்தான் அதிகம். நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் பேனாவை எடுத்து ஒருமுறை நன்றாகத் தடவிப் பாருங்கள்.

தபால் நிலையத்தில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஸ்பீடு போஸ்ட் போடுங்கள். பழைய ஞாபகத்தில் பதிவுத் தபால் கேட்பவர்கள் இருக்கிறார்கள், 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பதிவு வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே கூடுதல் சேவையாகக் கேட்டு வாங்கலாம், ஓடிபி சொன்னால்தான் பெட்டி கைக்கு வரும்படியும் செய்யலாம். பேனாவுக்கு அந்தச் சொற்பக் காசு தகும். இன்ஷூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். இன்ஷூர் செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைக்கிற இழப்பீடு, கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். பார்க்கர் 51-க்கு அது காணாது. பெட்டியின் மேல் "பேனா" என்றோ கம்பெனிப் பெயரோ பெரிதாக எழுத வேண்டாம், முகவரியும் இரண்டு பக்கத்துப் போன் எண்ணும் போதும். "உடையும் பொருள்" என்று சிவப்பில் எழுதினால் எழுதலாம், அதனால் நல்லதோ கெட்டதோ நடந்து நான் பார்த்ததில்லை. கவுண்டரில் எனக்கு வழக்கமாக நடக்கிற பேச்சு இது:

"உள்ள என்ன சார்?"

"பேனா."

"எத்தனை?"

"ஒண்ணு."

கவுண்டரில் இருக்கும் அம்மா பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். "ஒரு பேனாவுக்கா சார் இவ்ளோ பெரிய பெட்டி?" இத்தனை வருடத்தில் அவருக்கு நான் சொல்லக்கூடிய நல்ல பதில் கிடைத்ததே இல்லை.

திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள், நடுவில் ஞாயிறு விழாது. தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தவிருங்கள். ரசீதில் இருக்கும், எழுத்தும் இலக்கமும் சேர்த்து 13 இடம் கொண்டு 'ஐஎன்' என்று முடிகிற டிராக்கிங் எண்ணைப் பழுதுபார்ப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அவர் வீட்டில் இல்லாத நாளில் பெட்டி வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் பதில் "மச்சான் சென்னைக்குத்தானே போறான், அவன்கிட்ட கொடுத்து விடலாம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மச்சான் அதைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போவார், பேருந்தில் குனிந்து பையை எடுப்பார். கொடுப்பதாக இருந்தால் அவரிடமும் குழாயோடுதான் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால், சுங்கப் படிவத்தில் 'பழுதுபார்த்துத் திரும்ப வரும் சொந்தப் பொருள்' என்பதைத் தெளிவாக எழுதி, படங்களின் நகலை உள்ளேயும் ஒன்று, கையிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போன அதே பேனாதான் திரும்பி வந்தது என்று காட்ட முடியவில்லை என்றால் புதுப் பேனாவுக்கு உள்ள வரியைக் கேட்பார்கள். உங்கள் இரண்டு பேனாவுக்கும் கடல் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. எபோனைட் பேனாவைக் கையால் கடைகிற பட்டறை திருவள்ளூரிலேயே இருக்கிறது.

திரும்பி வரும்போதும் இதே பெட்டியில் வர வேண்டும் என்று கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பும் முகவரி எழுதிய சீட்டு ஒன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள். வந்ததும் உடனே மை ஊற்றத் தோன்றும். ஒரு ராத்திரி பொறுங்கள். முதலில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சொட்டு மை மட்டும் கலந்து, மூடியைப் போட்டு, டிஷ்யூவில் சுற்றி, நிப் கீழே இருக்கும்படி டம்ளரில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மூடிக்குள்ளும் டிஷ்யூவிலும் கறை எதுவும் இல்லையென்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மை ஊற்றலாம். கறை இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மறுபடி வேண்டியிருக்கும்.